போன மாதம் நீங்கள் தோண்டிய ஐநூறு வருஷத்துக் கிணறு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் உங்கள் சம்பந்தி, கொத்தனார், சாந்து ஒட்டிய இரண்டு கையையும் கழுவித் துடைத்துக் கூப்பிச் சொல்லிக்கொள்ளும் வணக்கம். இங்கே நான் சுகம். என் இடது முழங்கால் சுகமில்லை, அது உங்களுக்குப் பழைய சேதி. வீடு சுகம், கூரை சுகம், தெருமுனையில் உங்கள் ஊரைப் பார்த்து நிறுத்தி வைத்திருக்கும் பீரங்கியும் சுகம். அதன் குழாய்க்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது. அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், என் மருமகப்பிள்ளையும், என் மகளும், இன்னும் ஒருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அந்த இன்னும் ஒருவர் பற்றிப் பின்னால் வருகிறேன்.

எனக்கு எழுதப் படிக்க வராது என்பது தாங்கள் அறிந்ததே. கல்யாணப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "அச்சு ரொம்பத் துல்லியம்" என்று நான் சொன்னபோது நீங்கள் சிரிக்காமல் நின்றீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஆகையால் நான் சொல்லச் சொல்ல எழுதுவது உங்கள் சம்பந்தியம்மா. தனக்குப் பிடிக்காததை எழுத மாட்டேன் என்று பேனாவைத் திறக்கும்போதே சொல்லிவிட்டாள். எங்கேயாவது பேச்சு பாதியில் அறுந்து தொங்கினால், அந்த இடத்தில் நான் அருமையாக ஒன்று சொல்லியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளவும்.

முதலில் கிணறு. சம்பந்தி, என்ன கிணறு ஐயா அது! ஆடுகூட நின்று மேயாத மொட்டை மேட்டின் உச்சியில், பாறைக்கு மேல், நெல்லிக்காய் அளவு ஈரம்கூட இல்லாத இடத்தில், ஐநூறு வருஷமாக ஊரே தண்ணீர் இறைத்த மாதிரி ஒரு கிணற்றை உண்டாக்கி வைத்திருக்கிறீர்களே, அதை என்னவென்று சொல்வது? விளிம்பில் கயிறு அறுத்த தடம் இருக்கிறதே, அந்தத் தடம்! அதை உண்டாக்க உங்கள் சிப்பாய்கள் நாள் முழுக்க வாளியில்லாத வெறுங்கயிற்றை மேலேயும் கீழேயும் இழுத்துக்கொண்டிருந்ததை நான் தூரக்கண்ணாடியில் பார்த்தேன். ஒருவன் இழுத்து இழுத்துக் களைத்துப்போய், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். கிணற்றில் இல்லை என்பதால் கீழேயிருந்து கோவேறு கழுதையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்படிப்பட்ட கிணறு. நான் ஐம்பது வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவன், ஒருத்தர் வேலையைப் பார்த்து வாய் திறந்து நின்றது அன்றைக்குத்தான். கல்யாணத்தன்று எங்கள் வாசல் நிலைக்கு நீங்கள் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்து, "ஒரு நூல் சாஞ்சிருக்கு சம்பந்தி" என்றீர்கள். வெள்ளிக்கிழமை, தூறல், நீங்கள் பழுப்புச் சட்டை. கல்யாணத்துக்கு வருகிறவர் மடியில் தூக்குக்குண்டு எதற்கு என்று நான் இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்தக் கிணற்றைப் பார்த்ததும் மன்னித்துவிட்டேன். நிலை சாய்ந்துதான் இருக்கிறது.

இனி என் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். எல்லைக் கேட்டை மூடின அன்றைக்கு உங்கள் சம்பந்தியம்மா மூட்டையோடு கேட்டுக்கு வெளியேதான் நின்றாள். மகளுக்கு மாதம் எட்டு. பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று குட்டித் துணிகள், மருந்து, போர்வை எல்லாம் கட்டிக்கொண்டு போயிருந்தாள். காவல்காரர் தாழ்ப்பாளை இழுத்துவிட்டு, "அம்மா, திரும்பிப் போங்க, சரித்திரம் ஆரம்பிச்சிடுச்சு" என்றாராம். "எத்தனை மணிக்கு முடியும்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அன்று சாயங்காலமே இரண்டு பக்கமும் போன் கோபுரத்தை அணைத்துவிட்டார்கள். மகள் என்ன ஆனாள், ஏது ஆனாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. மூட்டையை இவள் அவிழ்க்கவே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் அப்படியே வைத்தாள். நான் தினம் ஒருதரம் அதில் தடுக்கி விழுந்தேன்.

அப்புறம் ஒலிபெருக்கி வந்தது. எங்கள் பக்கத்தில் பேச வைத்தவர் முன்னால் சந்தையில் செருப்பு விற்றவர், நல்ல தொண்டை. "முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ராஜா இந்த மேட்டில் நின்றார்!" என்பார். உங்கள் பக்கத்திலிருந்து, "நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் ராஜா இங்கே உட்கார்ந்தார்!" என்று வரும். "உங்கள் ராஜா உட்காரும் முன்னாலேயே எங்கள் ராஜா படுத்து எழுந்து போய்விட்டார்!" என்பார் இவர். உற்சாகம் தாங்காமல் கடைசியில், "இன்று ஒரு நாள் மட்டுமே!" என்றும் சேர்த்துவிடுவார். பழக்கதோஷம். ஆனால் சொல்லக்கூடாது, கேட்க நன்றாக இருந்தது. எனக்கே எங்கள் ராஜா மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது, அவர் யாரென்று தெரியாவிட்டாலும்.

ஒருநாள் நான் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். தலையைவிடப் பெரிய தொப்பி, அதனால் நாங்கள் அவரைத் தொப்பிக்காரர் என்றுதான் சொல்வோம். தங்கமான மனிதர், செய்கிற காரியத்தில் அப்படி ஒரு பக்தி. "நீங்கதானே கொத்தனார்? மேட்டு மேல ஒரு சுவர் வேணும்" என்றார். "எத்தனை அடி ஐயா?" என்றேன். "முந்நூறு வருஷம்" என்றார். நான் சோற்றை வாயில் வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயோ தூரதேசத்திலிருந்து, இரண்டு நாட்டுப் பக்கமும் சாயாதவராக ஒரு நிபுணர் வரப்போகிறார், மேட்டில் யார் கட்டினது பழசோ அவர்களுக்குத்தான் மேடு, எதிரி கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறான், நம்மிடம் ஒரு கல்கூட இல்லை என்றார். "மேடு நம்மதாயிட்டா கேட் எப்ப திறக்கும் ஐயா?" என்று இவள் உள்ளேயிருந்து கேட்டாள். "கேட் எதுக்கம்மா? மேட்டுலேர்ந்து கீழ வரைக்கும் சுவரை இழுத்துடலாமே!" என்று சந்தோஷமாகச் சொன்னார். "அவங்களுதாயிட்டா?" "அவங்க இழுப்பாங்க."

சம்பந்தி, எங்கள் நிலைமையைப் பாருங்கள். எங்கள் நாடு ஜெயித்தால் மகளைப் பார்க்க முடியாது, உங்கள் நாடு ஜெயித்தாலும் பார்க்க முடியாது. இவள் உள்ளேயிருந்து முடியாது என்று கையை ஆட்டுகிறாள். நான் தலையை ஆட்டிவிட்டேன். ஏன் தெரியுமா? அந்த மேட்டு உச்சியில் நின்றால் உங்கள் வீடு தெரியும் என்று எனக்கு ஞாபகம். நான் பையனாக இருந்தபோது அங்கே பட்டம் விட்டிருக்கிறேன். ஏறிப் பார்த்தால் நடுவில் மரம் வளர்ந்துவிட்டது. உங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மட்டும் தெரிந்தது. தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை. பாதியில் விட்டுவிட்டு வந்த வேலையை மறக்கிறது மகளுக்குப் பிறவிப் பழக்கம் என்பதால் அதைப் பார்த்தே எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சுவர் எழுப்புவது பெரிய காரியமா? வயசு ஏற்றுவதுதான் காரியம். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, மேலே தேயிலைத் தண்ணீர், அதற்கு மேல் தயிர். தயிர் பூசினால் பாசி சீக்கிரம் பிடிக்கும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படைக்குத் தயிர் கேட்டு எழுதினால், "எத்தனை பேருக்குச் சாப்பாடு?" என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. "ஒரு சுவருக்கு" என்று தொப்பிக்காரர் பதில் எழுதினார். கல்லில் மனுஷர் சாய்ந்து சாய்ந்து வழவழப்பு ஏற வேண்டும் இல்லையா? அதற்கு ஒரு பட்டாளமே வரிசையாக வந்து முதுகைத் தேய்த்தது. பாவம், நாட்டுக்காக நெஞ்சைக் கொடுக்கச் சேர்ந்த பிள்ளைகள்! "வேற எங்கயாவது எதிரி இருந்தா அனுப்புங்க ஐயா, முதுகு எரியுது" என்று ஒருவன் கேட்டான். தேய்ப்பை நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சலாம் வைக்காமல் நான் வீட்டுக்கு வந்ததில்லை.

முந்நூறு வருஷம் முடிந்து நான் கரண்டியைக் கழுவும்போது தொப்பிக்காரர் ஓடி வருகிறார். "பெரியவரே, நாம ஐநூறு ஆகணும்!" "நேத்து வரைக்கும் முந்நூறுதானே ஐயா?" "அவங்க கிணறு நானூறு ஆயிடுச்சு!" மறுபடி தயிர். இரண்டு நாள் கழித்து உங்கள் கிணறும் ஐநூறு. எந்த நாட்டில் ஐயா காலம் இவ்வளவு வேகமாகப் பின்னால் போகும்? நம் இரண்டு பேரையும் இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் மனுஷன் பிறப்பதற்கு முன்னாலேயே கட்டடம் கட்டி முடித்திருப்போம்.

அப்போதுதான் தொப்பிக்காரர் தூரக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "எதிரி கிணத்தைப் பார்த்து நிஜ வயசு என்னன்னு சொல்லுங்க" என்றார். என் சுவருக்கும் உங்கள் கிணற்றுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். ஆனால் கூப்பிட்டால் சுடுவார்கள். பார்த்தேன். நீங்கள் விளிம்பைத் துண்டு துண்டாகக் கீழே வீட்டு முற்றத்திலேயே வார்த்து, கோவேறு கழுதையில் ஏற்றி மேலே கொண்டுவந்து பொருத்துகிறீர்கள் என்பது பார்த்ததுமே புரிந்தது. நல்ல யோசனை. அந்தத் துண்டுகளின் ஓரத்தில் வரிசையாகக் கட்டைவிரல் அழுத்திய குழி. எல்லாக் குழியும் இடது பக்கம் சாய்ந்து. எனக்குக் கண்ணாடி மங்கிப்போச்சு. சம்பந்தி, நீங்கள் வலதுகைக்காரர். இந்த உலகத்தில் பூச்சு காயும் முன்னால் ஓரத்தை இடதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற ஆள் ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து, "அப்படி அழுத்தாதேம்மா, சாயுது பாரு" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. அது கேட்டதே இல்லை. கேட்காமல் போனதே, நல்லதாப் போச்சு! "என்ன பெரியவரே, அழறீங்க?" என்றார் தொப்பிக்காரர். "ரொம்பப் பழசுங்க ஐயா" என்றேன். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னால் இவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், எட்டு மாத வயிற்றோடு மகளைச் சாந்து குழைக்க விட்டீர்களே என்று உங்கள் மேல் ஒரே கோபம். (அதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுதிவிட்டு எழுத வேண்டாம் என்கிறாள்.) நான் சொன்னேன், "அடியே, அதை யாராவது விடணுமா? அது சொன்னா கேக்குற பொண்ணா?" உட்கார வைத்துத்தான் வேலை வாங்கியிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து என் சுவரின் ஓரத்திலும் கட்டைவிரலைச் சாய்த்துச் சாய்த்து அழுத்த ஆரம்பித்தேன். பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? அவள் மேலே வர முடியாவிட்டாலும் நீங்கள் பார்ப்பீர்கள், போய்ச் சொல்வீர்கள். தினம் காலையில் கண்ணாடியைக் கேட்டு வாங்குவேன். கழுதை ஏறும், புதுத் துண்டு வரும், அதில் கட்டைவிரல் இருக்கும், அன்றைக்கு எங்கள் வீட்டில் சமையல் நடக்கும். எதிரியை நான் உளவு பார்க்கிறேன் என்று தொப்பிக்காரருக்கு என்மேல் ரொம்பப் பெருமை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மத்தியானம். எங்கள் ஜீப்பின் டயர் ஒன்று வெடித்தது. அவ்வளவுதான் விஷயம். உங்கள் பக்கம் சுட்டார்கள், எங்கள் பக்கம் சுட்டார்கள், ராஜாக்கள் யாரும் வரவில்லை. நான் சாந்துத் தொட்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன். ஒரு குண்டு என் சுவரில் பட்டு மூலை பெயர்ந்தது. இன்னொன்று என் தலைக்கு மேல் சீறிக்கொண்டு உங்கள் தெருப்பக்கம் இறங்கியது, நான் கண்ணால் பார்த்த மாதிரியே இருந்தது. கழுதைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. எல்லாம் அடங்கியதும் தொப்பிக்காரர் பெயர்ந்த மூலையைத் தடவிப் பார்த்து, "ஆகா, முற்றுகை நடந்த அடையாளம்!" என்று பூரித்துப்போனார். நான் உங்கள் தெருப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கழுதை ஏறவில்லை. அதற்கு மறுநாள் ஏறியது, துண்டு வரவில்லை. அப்புறம் வந்தது, ஓரம் வழவழவென்று இருந்தது. அதில் கட்டைவிரல் இல்லை. நேர்த்தியான வேலை, குற்றம் சொல்ல முடியாது, அது உங்கள் கை. சம்பந்தி, நல்ல வேலையைப் பார்த்து நான் வயிறு எரிந்தது அன்றைக்குத்தான். வீட்டில் இவளிடம் "இருந்துச்சு, இருந்துச்சு" என்று பொய் சொன்னேன். இவள் என் முகத்தைப் பார்த்தாள், அடுப்பை அணைத்தாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படியே அந்த வாரம் போனது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

அப்புறம் ஒரு காலையில் கடைசித் துண்டு வந்தது. கிணற்றின் எங்கள் பக்கத்து முகத்தில் பொருத்தினீர்கள். வேண்டுமென்றேதான் எங்கள் பக்கம் பொருத்தினீர்கள், எனக்குத் தெரியும். கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால், நடுவில் ஒரு குழந்தைக் கால்.

நிஜக் கால் இல்லை, உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பில் பிள்ளைக் காலை வைக்க அவள் என்ன பைத்தியமா? முஷ்டியை மடக்கிப் பக்கவாட்டில் ஒரு அழுத்து, மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு. அப்படியே குழந்தைப் பாதம். சின்ன வயதில் நான் பூசிவிட்டு வந்த ஈரச்சுவரில் எல்லாம் அவள் இதை வைத்துவிடுவாள். பல்மருத்துவர் வீட்டு வரவேற்பறையில் கூரை வரைக்கும் பாதம் ஏறிப்போய், மறுநாள் அவர் பயந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். அந்தப் பாதம்! நான் கரண்டியைப் போட்டுவிட்டு அந்த முழங்காலோடு மேட்டிலிருந்து ஓடினேன். "பொறந்தாச்சுடீ! கிணத்துல போட்டிருக்கு!" என்று தெருவிலிருந்தே கத்தினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் குழந்தை கிணற்றில் விழுந்துவிட்டது என்று நினைத்து ஏணியோடு ஓடி வந்தார்.

"ஆணா, பொண்ணா?" என்றாள் இவள். "அதைக் கிணத்துல எப்படிடீ போடுவா?" என்றேன். மறுநாள் என் சுவரில், உங்கள் பக்கத்து முகத்தில், நானும் முஷ்டியை வைத்து அதே மாதிரி ஒரு பாதம் போட்டேன். என் கை பெரிசு, கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக வந்துவிட்டது. தொப்பிக்காரர் பார்த்துவிட்டார். "என்ன இது?" என்றார். "அந்தக் காலத்துல இப்படித்தான் ஐயா வைப்பாங்க" என்றேன். அந்த மனிதர் அரை நாழிகையில் அதை எங்கே கொண்டுபோய்விட்டார் தெரியுமா! சாயங்காலம் ஒலிபெருக்கியில் செருப்புக்காரர் முழங்குகிறார்: "எங்கள் இளவரசர் முதல் அடி எடுத்து வைத்த மண் இது! எல்லா அளவிலும் கிடைக்கும்!"

உங்கள் அதிகாரி உங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு வந்தது பாருங்கள் பதில். "பொய்! அது எங்கள் இளவரசியின் பாதம்!" இளவரசி! இவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு விடவில்லை, உங்கள் ஒலிபெருக்கி அந்த இளவரசியின் பெயரையும் சொன்னது. ஊருக்கே கேட்கும்படி, மூன்று தரம். சம்பந்தி, அது உங்கள் சம்பந்தியம்மாவின் பெயர். அதை இங்கே எழுதச் சொன்னால், "என் பேரை நானே எழுதிக்கணுமா?" என்று வெட்கப்படுகிறாள். அன்றைக்கு வெட்கப்படவில்லை. நடுத்தெருவில் நின்று எதிரியின் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கும்பிட்டாள், இருந்த சர்க்கரையை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்ச் சிப்பாய்களின் வாயில் போட்டாள். நாட்டுப்பற்று என்று நினைத்து அவர்கள் அவளுக்கு விறைப்பாக சலாம் வைத்தார்கள். உங்கள் வீட்டம்மாவும் பெயர் வைக்க உரிமை உள்ளவர்தான், அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். எங்கள் இரண்டு பேரின் நமஸ்காரத்தை அவருக்குத் தனியாகச் சொல்லவும். போர் நடத்துகிறவர்கள் எங்களுக்குப் பேத்தி பிறந்ததையும் அவள் பெயரையும் இப்படி வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து சொன்னதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

இனி நிபுணர். நான் ஒரு தாடிக்காரரை எதிர்பார்த்தேன். வந்தது ஓர் அம்மா, குட்டையாக, பெரிய பூட்ஸ், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்த அம்மா மாதிரி வேலை தெரிந்த மனுஷியை நான் கண்டதில்லை. சுவரை முகர்ந்தார், தட்டிக் காதை வைத்தார், பாசியைச் சுரண்டி நாக்கில் வைத்தார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். "ஐநூறு வருஷத்துத் தயிர் இன்னும் புளிக்குதாம்" என்றார் அவர். எனக்கு உயிரே போய்விட்டது. தொப்பிக்காரர் அசரவில்லை. "எங்க முன்னோர் தயிர் அப்படி!" என்றார். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் எல்லாப் போரிலும் தோற்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் அந்த அம்மா உங்கள் கிணற்றுக்குப் போய் ஒரு குவளை நீர் இறைத்துக் குடித்தார். அவர் முகத்தைப் பார்த்தால், தண்ணீர் எந்தக் கழுதையில் வந்தது என்றுகூடச் சொல்லியிருப்பார்.

கடைசியில் பாதத்துக்கு வந்தார். உங்கள் கிணற்றில் ஒன்று, என் சுவரில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் போவதும் வருவதுமாக இருந்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். முஷ்டியை மடக்கினார். என் சுவர்ப் பாதத்தின் மேல் வைத்தார். பொருந்தியது, கொஞ்சம் இடம் மிச்சம். திரும்பி, ஓரமாக நின்ற என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை, கையைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "இந்தப் பெரியவர் யாரு?" என்று கேட்டார். "காவலுக்கு இருக்காரு" என்றார் தொப்பிக்காரர். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார்: "ரெண்டையும் கட்டினது ஒரே குடும்பம். ஒரு கை கத்துக்கொடுத்த கை, இன்னொரு கை கத்துக்கிட்ட கை. இந்தக் கேட்டை மூடுறதுக்கு முன்னாடியே சேர்ந்த குடும்பம். அதனால மேடு ரெண்டு பேருக்கும் இல்லை. அந்தக் குடும்பத்துது." ஒரு வார்த்தை பொய் உண்டா, சம்பந்தி? படித்தவர் என்றால் அப்படிப் படிக்க வேண்டும். போகும்போது என் பக்கமாக வந்து, என் சுவரின் கீழ்வரிசையைக் காலால் தொட்டுக் காட்டி ஒன்று சொன்னார். "ஐநூறு வருஷத்துக்கு முந்தி இருந்த அந்தக் கொத்தனாரைப் பார்த்தா, இந்த இடத்துல ஒரு நூல் சாஞ்சிருக்குன்னு சொல்லணுமாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் ஏதும் அந்த அம்மாவுக்குத் தூக்குக்குண்டு கொடுத்தீர்களா?

ஆக, படைகள் இரண்டும் மேட்டை விட்டு இறங்கிவிட்டன. மேடு பழைய குடும்பத்தின் சொத்து என்று பலகை நட்டாயிற்று. வியாழக்கிழமை காலை கேட் திறக்கிறது, தபால்பையும் அன்றைக்கே போகிறது. இந்தக் கடிதம் அதில்தான் வரும். ஆனால் கடிதத்துக்கு முன்னால் நாங்களே வந்துவிடுவோம், மூட்டை கதவுப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்களிடம் ஒரு வார்த்தை கொடுக்கிறேன், சம்பந்தி. இனிமேல் என் கையால் பழைய கட்டடம் கட்ட மாட்டேன். யார் வந்து கேட்டாலும், எத்தனை பெரிய தொப்பி போட்டு வந்தாலும், இன்று கட்டினால் இன்றைய வயதுதான். சரித்திரத்துக்கும் எனக்கும் இன்றோடு தீர்ந்தது. தயிரைச் சாப்பிடுவேன், பூச மாட்டேன்.

மகளுக்குச் சொல்லவும்: கட்டைவிரலை இனி எவ்வளவு வேண்டுமானாலும் சாய்த்து அழுத்தலாம், அப்பா ஒன்றும் சொல்ல மாட்டேன். மருமகப்பிள்ளைக்கு ஆசிகள்; தண்ணீர்த்தொட்டி மோட்டாரை அவராவது நிறுத்தலாம். உங்கள் வீட்டம்மாவுக்கு மறுபடியும் நமஸ்காரம். பேத்திக்கு நூறு வயது. அதுவும் ஒவ்வொரு வருஷமாக, முன்னால் பார்த்து நடக்கிற வயதாக. உங்களுக்கு எங்கள் அன்பும், மதிப்பும், சாய்ந்த நிலையின் வணக்கமும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
(பெருவிரல் ரேகை, இடது பக்கம் சாய்த்து)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்கிற நேரத்தில் ஆடு வாங்க வேண்டும் என்று ஒருவர் வந்தார். ஆட்டைப் பார்க்காமல் என் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு நாடு இருக்கிறதே, இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்ததே, அங்கேயிருந்து வந்த அதிகாரி. தொப்பியை ஆட்டுக்கயிற்றோடு பைக்குள் வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டினார், இதுவரை பார்த்ததிலேயே பெரிசு. பாதம் பதிக்கிற அந்தப் பழைய குடும்பம் அவர்களுடைய முன்னோராம். ஒலிபெருக்கியும் பீரங்கியும் புறப்பட்டாயிற்றாம். வியாழக்கிழமை கேட் திறக்காது. அவர்களுக்கு உச்சிக்குப் போகும் படிக்கட்டு ஒன்று வேண்டும், எழுநூறு வருஷம். "முடியாதுங்க ஐயா, வார்த்தை கொடுத்துட்டேன்" என்றேன். "ஒரு ஆளால முடியாதுன்னு எங்களுக்கும் தெரியும் பெரியவரே. அந்தக் கிணறு கட்டின கொத்தனாரும் வேணும், பாதம் வைக்கிற கை கட்டாயம் வேணும். எங்க பக்கத்துப் பாதையில கேட் கிடையாது. வேலை முடியற வரைக்கும் எல்லாரும் குடும்பத்தோட மேட்டுலயே கூடாரத்துல தங்கிக்கலாம்" என்றார். உங்கள் சம்பந்தியம்மா அதற்குள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாயிற்று.

ஆகையால் மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிடவும். இந்தக் கடிதத்தை அவரே கொண்டு வருவார். ஆடு கேட்டால் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். எல்லாரும் மேட்டுக்கு வந்துவிடுங்கள், பேத்தியை வெயில் படாமல் தூக்கி வாருங்கள். தயிருக்கு நான் சொல்லிவிட்டேன். எழுநூறு வருஷம் அவசரப்பட்டு முடிக்கிற வேலை இல்லை, பிள்ளை தானாக எழுந்து நடக்கிற வரைக்கும் ஆகும் என்றும் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார். கடைசிப் படியை மட்டும் சுண்ணாம்பில்லாமல் வெறும் களிமண்ணில் போடுவோம். அதில் யாரும் முஷ்டி வைக்க வேண்டாம்.